லேசுக்காற்றும் சூடேறிய கடலும்

"கடல் சூடு இருபத்தாறுதான். புயல் தானா அடங்கிடும்" என்று லேசுக்காற்று சொல்லி வாய் மூடவில்லை, வானிலை அறையின் ஏசி உயிரை விட்டது.

அந்தப் பெயர் அலுவலகம் வைத்தது. போன வருஷம் "லேசான காத்துதான்" என்று அவர் கணித்த புயல், சொந்த மாமியார் வீட்டுக் கூரையையே தூக்கிக்கொண்டு போனது. அன்றுமுதல் மாமியாருக்குப் படுக்கையறை, மாப்பிள்ளைக்குக் கூடத்து சோபா. புதுக் கூரை போட்டு இன்று காலைதான் அத்தை தன் கடற்கரை ஊர் போய்ச் சேர்ந்திருந்தார். இன்றாவது கால் நீட்டிப் படுக்கலாம்.

அறை வெந்ததால் சக்கரம் வைத்த வாடகை ஏசியை உருட்டி வந்தார்கள். அதன் சூட்டுக்குழாய் ஜன்னலை எட்டவில்லை. கருவிப் பிரிவு இறக்கிவைத்திருந்த பெரிய தொட்டி மூலையில் இருந்தது. அதன் தார்ப்பாய்க்கடியில் குழாயைச் செருகியதும் அனல் யார் மேலும் படவில்லை.

மதியம் திரையில் கடல் இருபத்தொன்பது காட்டியது. மேகமூட்டத்தில் செயற்கைக்கோளுக்கு எதுவும் தெரியவில்லை. நேற்றுமுதல் தகவல் அனுப்பும் புது மிதவைதான் ஒரே சாட்சி. சூடு கண்ட பூனையான லேசுக்காற்று ஆட்சியருக்குத் தகவல் சொன்னார். ஆட்சியர் பரிவாரத்தோடு வந்தார். கூட்டத்தில் புழுங்கியது; ஏசியை முழு வேகத்தில் வைத்தார்கள்.

கடல் முப்பத்திரண்டானது.

"இதனால என்ன ஆகும்?" என்றார் ஆட்சியர்.

"கடல் சூடானா ஆவி நிறைய கிளம்பும் சார். அது மேல போய் மழையாகும்போது அந்தச் சூட்டைப் புயலுக்குள்ள விட்டுடும். காத்து வேகமெடுக்கும். வேகமான காத்து இன்னும் ஆவியை உறிஞ்சும். ராத்திரிக்குள்ள எலி புலியாயிடும்."

கரையோர மக்களை மேட்டுக்கு அனுப்பும் உத்தரவை ஆட்சியர் எழுதச் சொன்னார்.

லேசுக்காற்று கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். அத்தையின் உயிரா, தன் முதுகா? முதுகு தோற்றது. அத்தையைக் கூப்பிட்டு உடனே கிளம்பி வரச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அத்தையே கூப்பிட்டார். "வண்டி பிடிச்சுட்டேன் மாப்பிள்ளை. பீரோவையும் ஏத்தியாச்சு. இனிமே எதுக்கு அலையணும், உங்களோடயே இருந்துடறேன்."

அறை ஏசியைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் அப்போதுதான் ஏணி போட இடம் தேடி, மூலையில் இருந்த தார்ப்பாயைத் தூக்கினார். குப்பென்று அனல் அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் திரும்பிக் கேட்டார்.

"சார், இந்த மிதவையைக் கடல்ல விடறதுக்கு முன்னாடி வேகவைக்கணுமா?"