குண்டூசியின் சிரிப்பு அம்மாவுடையது

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அதனால் ‘இங்கு அனைவரும் நலம்’ என்ற வரியை விட்டுவிட்டேன். அத்தையையும் உங்கள் முதுகுவலியையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். குண்டூசியை முடித்துவிட்டார்கள், மாமா. அம்மா இத்தனை வருடமாகக் குரல் கொடுத்த கார்ட்டூன் பையன்தான். நான் பிறந்தபோது அவனுக்கு எட்டு வயது. எனக்கு எட்டு வயதானபோது இருவரும் ஒரே வகுப்பு. இப்போது நான் எட்டாம் வகுப்பு, அவன் இன்னும் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறான். கதை தீர்ந்துபோய், காணாமல் போன அதே நாயை நான்காவது தடவையாகத் தேடிக்கொண்டிருந்தான். பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நிறுத்தினார்கள். அம்மா கடைசிப் பகுதியைப் பேசிவிட்டு வந்து துணி மடித்தாள். ஒரு மாதம் கழித்து அதே குண்டூசியைச் சின்னத் தலையும் கையில் செல்போனுமாக வரைந்து, கதையை முதலிலிருந்து தொடங்குவதாக அறிவித்தார்கள். அம்மா தொண்டைக்கு வெந்நீர் குடித்துத் தயாரானாள். ஒலிப்பதிவாளர் போன் செய்து, இந்த முறை பேசுவதற்கு நிஜப் பையன் ஒருவனையே பிடித்துவிட்டதாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

“பையன் பேசுறது நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா சிரிக்கச் சொன்னா இருமுறான். அதான் உங்க பழைய சிரிப்பு, அழுகை, விழுந்து எழுந்திரிக்கிற சத்தம் எல்லாத்தையும் அப்படியே வெச்சுக்கிட்டோம். நீங்க எங்கேயும் போயிடலைக்கா.”

நல்ல செய்தி சொல்வதாகவே அவர் நினைத்திருக்கிறார், பாவம்.

அத்துடன் நினைவுப் பரிசாக ஒரு குண்டூசி பொம்மையும் அனுப்பினார்கள். வயிற்றை அமுக்கினால் அந்தப் பையன் குரலில் “நான் வந்துட்டேன்” என்று சொல்லி, அம்மா குரலில் சிரிக்கும். அது வந்த அன்று சாயங்காலம்தான் அம்மா முதல் தடவையாக அழுதாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் என் அப்பாவுக்குப் பழுதான எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது அல்லவா, “விடு, வேற பொம்மை வராமலா போயிடும்” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தார். பொம்மைமேல் உட்கார்ந்தார். அம்மா முகத்தை மூடி அழுதுகொண்டிருக்க, அப்பாவுக்கு அடியிலிருந்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் பதறி எழுந்து அதை எடுத்த விதத்தில் மறுபடி அமுங்கியது. பேட்டரி மூடியில் இருந்த திருகு, பதினாறு மாடி லிஃப்டைக் கழற்றியவருக்கு மசியவில்லை. திருப்பத் திருப்பச் சிரித்தது. கடைசியில் போர்வையில் சுற்றித் துணி அலமாரிக்குள் தள்ளினார். அலமாரிக் கதவைத் தொட்டால் இப்போது உள்ளே அம்மா சிரிக்கிறாள். நாங்கள் நால்வரும் வெளியே கிடக்கும் துணியையே மாற்றி மாற்றி உடுத்துகிறோம். நால்வர் என்றது குண்டூசியையும் சேர்த்து, பழக்கதோஷம்.

தினமும் மாலை டிவியில் அம்மா சிரிக்கிறாள். வீட்டில் சிரிப்பதில்லை. என் கணக்குப் பரீட்சைத் தாளைக் காட்டினேன், அதற்குக்கூடச் சிரிக்கவில்லை. நேற்று கேட்டதற்கு, “சிரிச்சா அவனை மாதிரியே இருக்குடி” என்றாள். ஆகவே நீங்கள் வக்கீல் என்ற முறையில், அம்மாவின் சிரிப்பைத் திருப்பித் தரச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு உடனே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அம்மா எதிலோ கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று அப்பா சொல்கிறார். அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்கள் அந்த டிவி பார்க்க வேண்டாம்.

உங்கள் அன்பு மருமகள்

பி.கு.: நோட்டீஸ் வேண்டாம், மாமா. இப்போதுதான் ஒலிப்பதிவாளர் மறுபடி போன் செய்தார், அப்பாதான் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். புதுக் கதையில் குண்டூசியின் அம்மா செத்துப்போகிறாளாம். “கீழ விழுந்து அழுறது இருக்கு, நாய்க்கு அழுறது இருக்கு, இந்த அழுகை மட்டும் நம்மகிட்ட இல்லக்கா” என்றாராம். அம்மா உடனே சம்மதித்துவிட்டாள். நாளைக் காலையில் பதிவு. அறைக்குள் போய்ப் பழகிக்கொண்டிருக்கிறாள். முதலில் குண்டூசியின் குரலில்தான் அழுதாள். பிறகு குரல் கீழே இறங்கி அவளுடையதாகவே ஆகிவிட்டது, இன்னும் நிற்கவில்லை. அப்பா தட்டலாமா வேண்டாமா என்று கதவருகே நிற்கிறார். உள்ளே விளக்கை அணைத்துவிட்டாள்.