வியாழக்கிழமை நடந்த நாலு அடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன். பதிலை நாலு வரியில் முடித்துக்கொள், போன தடவை மாதிரி இரண்டு பக்கம் எழுதாதே. உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் நான் போனை எடுத்தால் கூட நாலு காது கேட்கும், அதோடு பேச்சு பேச்சோடு போய்விடும். எனக்கு வேண்டியது ஆதாரம். கடிதம் என்றால் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் இன்றுவரை பாங்கில்கூடக் கைநாட்டு வைத்ததில்லை, முழுப்பெயரையும் எழுதிக் கீழே கோடு போடுகிறவள். நீ பத்தாவதை மூன்று தடவை எழுதியவன். அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகனுக்கு இரண்டாவதாகப் பிறந்ததே, நாமெல்லாம் உருண்டை என்று கூப்பிடுகிற குட்டி, அவள் போன வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு முதன்முதலாக நடந்தாள். நாலு அடி. என்னைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, என்னிடம் வந்தாள். பார்த்தது நான் ஒருத்திதான். இந்த வீட்டில் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் படம் இல்லையாம். வருகிற சனிக்கிழமை குழந்தையின் ஆல்பம் ஸ்டூடியோவுக்கு அச்சுக்குப் போகிறது. அதில் 'முதல் அடி, ஞாயிற்றுக்கிழமை' என்று போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பிரதி. பன்னிரண்டு வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டால், நான் செத்த பிறகும் அது ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குள் நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். என்ன என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் இந்தக் கூத்து எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேள்.

உன் மருமகனை, அதாவது நான் பெற்றவனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, லிஃப்ட் மெக்கானிக், அடைபட்டுக் கிடப்பவர்களை எல்லாம் கதவைத் திறந்து வெளியே எடுத்துவிடுகிறவன். அவன் ஆறு மாதத்துக்கு முன்னால் எதிலோ படித்துவிட்டு வந்தான், குடும்பம் என்றால் எல்லாரும் சேர்ந்து செய்கிற பொழுதுபோக்கு ஒன்று இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஆளுக்கொரு மூலையாகப் போய்விடுவார்களாம். அடுத்த வாரமே கேமரா வந்தது. அவனுக்கு நீளமூக்கு வைத்த பெரியது, மருமகளுக்கு நடுத்தரம், பெரிய பேத்தி வாயாடிக்குக் கைக்கு அடக்கமாக ஒன்று. எனக்கு, பாட்டரி மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பழையது. "நீ ஒண்ணும் அமுக்க வேண்டாம்மா, கழுத்துல மாட்டிக்கிட்டா போதும், குடும்பம்னா எல்லாரும் இருக்கணும்ல" என்றான். அன்றிலிருந்து மாட்டுக்கு மணி கட்டினது போல அது என் கழுத்தில் தொங்குகிறது. ஒரு தடவைகூட நான் அதன் பொத்தானைத் தொட்டதில்லை. தொடவும் மாட்டேன். எனக்குக் கண் இருக்கிறது.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்த்ததில்லை. சாப்பாட்டைப் பரிமாறினால் கையை வைக்கக்கூடாது, முதலில் அதைப் படம் எடுக்க வேண்டும், தட்டை ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டும், தண்ணீர்க் குவளையை நகர்த்த வேண்டும், மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்த வேண்டும், "லைட்டு சரியில்லம்மா, கொஞ்சம் பொறு" என்பான், லைட்டு சரியாகும்போது சோறு கல்லாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு தலைப்பு வேறு. ஒரு வாரம் 'நிழல்' என்றார்கள். அப்பன், ஆத்தா, மகள் மூன்று பேரும் தெருவில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு சைக்கிளின் நிழலைப் படம் எடுத்தார்கள், சைக்கிள்காரர் டீ குடித்துவிட்டு வந்தவர் தன் சைக்கிள்தான் மூன்று பேரை இடித்துத் தள்ளிவிட்டதாக நினைத்து நடுங்கிப்போய் என்னிடம், "அம்மா, நான் ஓட்டவே இல்லம்மா, நிறுத்தித்தான் வச்சிருந்தேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் குழந்தையை இடுப்பிலும் கேமராவைக் கழுத்திலும் வைத்துக்கொண்டு யாரோ ஊரார் மாதிரி வேறு பக்கம் பார்த்தபடி நின்றேன்.

அடுத்த வாரம் 'தண்ணீர்' என்று தலைப்பு வைத்தார்கள், வைத்த நேரமோ என்னவோ சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் வெடித்தது. மற்ற வீடாக இருந்தால் வாளியை எடுப்பார்கள். இங்கே மூன்று பேரும் கேமராவை எடுத்தார்கள். வாளியை எடுத்தவள் நான். குழாய் ரிப்பேர்காரர் வந்து தொட்டிக்கு அடியில் தலையை விட்டார், அவர் முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது தண்ணீர், உன் மருமகன் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, "அண்ணே, அந்த ஸ்பேனரை மட்டும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க, அப்படியே இருங்க" என்கிறான். அவர் உள்ளேயிருந்தே, "தூக்குனா தண்ணி நிக்காது சார், பரவால்லையா? சிரிக்கணுமா, சும்மா இருக்கணுமா?" என்று கேட்டார். வாயாடி, "சும்மா இருங்க மாமா, நேச்சுரலா" என்றாள். முன்னூற்று எண்பது படம். அவர் போகும்போது தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று விலாசம் கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரை அனுப்பவில்லை, ஏனென்றால் இந்த வீட்டில் படம் எடுப்பார்களே தவிர, எடுத்த படத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். மருமகளுக்குக் கடை விடுமுறை, மகனுக்கு மாலை ஷிப்டு, வாயாடிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. உருண்டை சோபாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு கையை எடுத்தாள், பிறகு மறுகையையும் எடுத்தாள். மருமகள்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ, நடக்கப் போறா, நடக்கப் போறா, யாரும் அசையாதீங்க" என்றாள். சொன்ன வேகத்தில் எல்லாரும் அசைந்தார்கள். அவள் பாட்டரி சார்ஜில் இருக்கிறது என்று படுக்கையறைக்குள் ஓடினாள், மகன் வேறு மூக்கு மாட்ட வேண்டும் என்று மாடிக்கு ஓடினான், வாயாடி என் கழுத்தில் கிடந்ததை ஆன் செய்துவிட்டு, "பாட்டி, நீங்களும் ரெடியா இருங்க" என்று சொல்லி, தன் கேமராவின் கார்டு கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அந்தப் பக்கம் ஓடினாள். பெற்ற குழந்தை முதல் அடி வைக்கப் போகிறது, வீட்டில் ஒரு ஆள் இல்லை. அது நாலு பக்கமும் பார்த்தது. பிறகு நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதில் பொத்தென்று உட்கார்ந்து கையைத் தட்டியது. தம்பி, எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது, நான் பார்த்ததிலேயே நல்ல காட்சி அதுதான், அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது.

மூன்று பேரும் மூச்சிரைக்க வந்து நிற்கிறார்கள், குழந்தை உட்கார்ந்திருக்கிறது. "நடந்துட்டா" என்றேன். "எங்க?" என்றான். "நாலு அடி, என்கிட்ட வந்தா" என்றேன். "படம் எடுத்தியா?" என்றான். இல்லை என்றேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மருமகள் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் எரிகிறது: "அத்தை, கண்ணு பல சமயம் நாம ஆசைப்படறதைத்தான் காட்டும்." இவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். ஊரார் கண்ணையெல்லாம் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்துப் படி படி என்று சோதிக்கிறவள். என் மூக்கில் இருக்கிற கண்ணாடியைப் போட்டுவிட்டவளே அவள்தான். என் கண் பொய் சொல்கிறது என்றால் இவள் கண்ணாடி என்ன அழகு. இதை அவளிடமே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாடகம் நடந்தது. சோபாவை நகர்த்தினார்கள், திரையைக் கழற்றினார்கள், குழந்தைக்கு மஞ்சள் கவுன் போட்டார்கள், அது துப்பியது, வேறு மஞ்சள் கவுன் போட்டார்கள். எனக்கும் வேலை இருந்தது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றேன், முக்கால் மணி நேரம். பிள்ளை ஒரு சாவிக்கொத்தைப் பார்த்து ஐந்து தடவை நடந்தது, ஐந்தாவது நன்றாக இருக்கிறது என்று அதற்கு 'முதல் அடி' என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாவதற்கு முதலாவது என்று பெயர் வைக்கிற கணக்கை என் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. அந்தப் படத்தின் ஓரத்தில் விரிப்பைப் பிடித்திருக்கிற எட்டு விரல் தெரிகிறது. அது நான்தான். "வியாழக்கிழமைன்னு மாத்துங்க" என்று நேற்றும் கேட்டேன். "அம்மா, வியாழக்கிழமைக்கு ஆதாரம் ஏதும் இல்லையே" என்கிறான் நான் பெற்றவன். அவன் பிறந்ததற்கும்தான் படம் இல்லை. என் வார்த்தையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே உன்னிடம் வருகிறேன். முப்பத்தொரு வருஷம் பதிவு அலுவலகத்தில் இருந்தாய், காலே வைக்காத நிலத்துக்கெல்லாம் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்ட ஆள். அந்த நடையில் எனக்கு ஒரு பத்திரம் எழுது. இன்னார் பேத்தி, இன்ன கிழமை, இன்ன நேரம், நாலு அடி, பாட்டியை நோக்கி, சாட்சி இன்னார் என்று எழுதி, ஏதாவது பழைய முத்திரை கிடந்தால் குத்தி, வெள்ளிக்கிழமைக்குள் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பு. நீ நேரில் பார்க்கவில்லையே என்று யோசிக்காதே, அது உனக்குப் புதிதில்லை. உன் வீட்டுக்குள் கேமரா எதையும் விடாதே. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நல்ல கண்ணும் நல்ல காலும் பெற்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சோற்றைச் சூடாகச் சாப்பிட்டு நீண்ட காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மூத்த அக்கா
(முழுக் கையெழுத்து, கீழே கோடு)

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன், அதனால்தான் கிழிந்திருக்கிறது. பத்திரம் வேண்டாம். இன்று காலை வாயாடி, அவளுடைய கார்டு நிறைந்துவிட்டதாம், "உங்களதுல சும்மாதானே இருக்கு பாட்டி, குடுங்க" என்று என் கேமராவில் இருந்ததை உருவி கம்ப்யூட்டரில் போட்டாள். உள்ளே இருநூற்றுப் பதினாலு படம். குனியும்போதும் நிமிரும்போதும் அதுவே அமுங்கியிருக்கிறது. என் புடவை, என் முழங்கை, கூரை, பாத்திரம் தேய்க்கிற தொட்டி. நடுவில் ஒன்று, வியாழக்கிழமை, காலை 10.14. கோணலாக இருக்கிறது, பாதியை என் கட்டைவிரல் மறைத்திருக்கிறது, மீதியில் உருண்டை. ஒரு கால் தரையில், ஒரு கால் மேலே, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எல்லாரும் வந்து பார்த்தார்கள். நான் அப்போதே சொன்னேனே என்பது போல நிமிர்ந்து நின்றேன்.

பிறகு அந்த லிஃப்ட் மெக்கானிக் திரையில் விரலை வைத்தான். "அம்மா, குழந்தையோட முதுகுதானே தெரியுது" என்றான். உனக்கு மட்டும் சொல்கிறேன், எப்படித் திருப்பிப் பார்த்தாலும் முதுகுதான். கை நீட்டியிருப்பது உண்மை. நேர் எதிரே, மருமகள் பாட்டரி எடுக்க ஓடிய படுக்கையறைக் கதவு. "உங்கிட்ட வந்தான்னு சொன்னியே" என்றான். "வந்துட்டுத்தான் திரும்பிப் போனா. வந்ததை உன் கேமரா விட்டுடுச்சு" என்றேன். "நாலே அடியிலயா பாட்டி?" என்றாள் வாயாடி. அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வைக்கவில்லை.

மருமகள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை. மத்தியானம் பார்த்தால் மஞ்சள் கவுன் ஆல்பத்தின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது, முதல் பக்கத்தில் என் கட்டைவிரல். கீழே அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்: 'முதல் அடி. வியாழக்கிழமை, காலை 10.14. பாட்டியிடம் போய்விட்டு அம்மாவிடம் வந்தாள். படம்: பாட்டி.' எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே மேலே அவளைப் பற்றி எழுதியிருக்கிற இடங்களைக் கிழித்துவிடு, உன் பெண்டாட்டி ஏற்கெனவே படித்திருந்தால் அன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல். கேமரா பற்றி எழுதியதையும் கண்டுகொள்ளாதே. நீ வரும்போது என் கேமராவுக்கு ஒரு நல்ல மூடி வாங்கி வா.

அந்தக் கட்டைவிரலை அழித்துவிடலாம், கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷ வேலை என்று மகன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். கூடாது என்றுவிட்டேன். பாங்கில்கூட வைக்காதவள், இதில் வைத்தது வைத்ததாகவே இருக்கட்டும்.