வெடித்தால் ஆமாம்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு கார் குறி சொன்னது.

சிரிக்காதீர்கள். பல்லி சொன்னால் பலன் பார்க்கிற ஊரில் கார் சொன்னால் கேட்கக் கூடாதா? பல்லியை விடக் கார் பெரியது. சத்தமும் பெரியது.

முப்பத்தெட்டு வயதான வெள்ளைக் கார். உரிமையாளர் கண்ணாயிரம். போன தை வரை அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டினார். இப்போது அவர் வாக்கு வண்டிச் சாமி. யாராவது கேள்வி கேட்டால் கண்ணை மூடி ஆக்சிலேட்டரை மிதிப்பார். கார் 'டமால்' என்று வெடித்தால் ஆமாம். வெறுமனே உறுமினால் இல்லை. மழுப்பல் கிடையாது. இப்படி ஒரு தெய்வத்துக்காகத்தான் ஊர் காத்திருந்தது.

வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்தார்கள். ஒரு கேள்விக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். தெய்வம் பசியோடு இருக்கலாமா? 'இல்லை' என்று வந்துவிட்டால் பரிகாரம் உண்டு. பானெட்டின் மேல் ஒரு பட்டுச் சேலை சாத்த வேண்டும். சாத்திய பட்டைச் சாமியைத் தவிர யாரும் தொடக் கூடாது. சாமி தொட்ட பட்டு அடுத்த வாரம் பெரிய காஞ்சிபுரத்துக் கடை ஒன்றில் புதுச் சேலையாகத் தொங்கும்.

ஜரிகையில் ஒரு இழை பிசகினாலும் விளக்கைப் பிடித்துத் தேடுகிறவர்கள் எங்கள் நெசவாளர்கள். அந்தச் சேலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தால் பாவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கைலாசம் தன் மனைவி காந்தாவுடன் வந்தார். காந்தாவுக்குப் பித்தப்பையில் கல். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், நாளை ஆபரேஷன், இனி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னால் போதுமா? கார் சொல்ல வேண்டாமா?

"சாமி, ஆபரேஷன் பண்ணலாமா?"

கார் உறுமியது. வெடிக்கவில்லை.

"வாணாம்னு சொல்லுது," என்றார் கண்ணாயிரம். "பட்டு சாத்து. நாப்பத்தெட்டு நாள் எலுமிச்ச ஜூஸ் குடு. கல்லு கரைஞ்சு ஓடிப்பூடும்."

கைலாசம் தயாராகவே வந்திருந்தார். பையிலிருந்து காந்தாவின் முகூர்த்தப் புடவையை எடுத்துப் பானெட்டில் விரித்தார். காந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

அவர்களை அழைத்து வந்தவள் பக்கத்து வீட்டு மேரி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தலையைச் சாய்த்துக் காரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவருக்குக் கார் 'டமால்' என்றது.

"சத்தம் பின்னாடி சைலன்சர்லேர்ந்து வருதே," என்றாள். "சாமின்னா வாயால பேசும்னு நெனச்சேன்."

"உஷ்!" என்றது கூட்டம்.

"என் வேன்கூட போன மாசம் இப்பிடித்தான் குறி சொல்லிக்கினு இருந்தது. எஞ்சின் டைமிங்க சரி பண்ணேன். வாய மூடிக்கிச்சு. சாமி, நீங்க எறங்குங்க. நான் மிதிக்கிறேன். வண்டிதானே பேசுது?"

"நான் இல்லாங்காட்டி பேசாது!"

"அப்போ பானெட்டத் தொறங்க."

"பட்டு சாத்தியிருக்குது! எவன் தொட்டாலும் கண்ணு பூடும்!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. காந்தா மட்டும் முன்னால் வந்தாள்.

"என் பொடவ. நானே எடுக்குறேன்."

எடுத்தாள். எல்லோரும் அவள் கண்களையே பார்த்தார்கள். இரண்டும் இருந்தன.

"தெரியுதாக்கா?" என்றாள் மேரி.

"நல்லாவே தெரியுது. உள்ள ஏதோ சைக்கிள் பிரேக் ஒயரு மாதிரி கூட தெரியுது."

மேரி பானெட்டைத் தூக்கியிருந்தாள். எஞ்சினுக்குள் நெருப்புப்பொறி சரியான நொடியில் விழ வேண்டும். தாமதமானால் எரிந்து முடியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடிக்கும். அந்த நொடியை முடிவு செய்வது டிஸ்டிரிபியூட்டர். அதன் போல்ட் தளர்த்தப்பட்டிருந்தது. அதில் கட்டிய பிரேக் ஒயரின் மறுமுனை சாமியின் இடது கால் கட்டை விரலில்.

மேரி டிஸ்டிரிபியூட்டரைக் கையால் திருகினாள். டமால்! "இந்தா, ஆமாம்." பழையபடி திருப்பினாள். "இந்தா, இல்ல."

பிறகு ஒரே தள்ளுமுள்ளு.

"நான் ஒரு தபா சுத்தறேன்பா!"

"தள்ளுய்யா! என் மாமியாரு ஊருக்குப் போவுமா?" டமால்! டமால்! டமால்! "போவுதாம்! மூணு தபா சொல்லிடுச்சு!"

சிரித்துச் சிரித்துச் சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணாயிரம் மறுபக்கக் கதவு வழியாக நழுவப் பார்த்தார். கால் விரலில் ஒயர் இருந்ததை மறந்துவிட்டார். அவர் விழுந்ததற்கும் கார் ஒரு முறை 'ஆமாம்' என்றது.

"எங்க பொடவயெல்லாம் எங்கய்யா?" என்று பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மேரி ஒயரை அறுத்தாள். டிஸ்டிரிபியூட்டரைச் சரியான இடத்தில் வைத்துப் போல்ட்டை முறுக்கினாள். கார் தையல் மிஷின் போல ஓடியது. பாவம், அது எப்போதும் கார்தான்.

காந்தா புடவையை மடித்துக்கொண்டு வேனில் ஏறினாள். "ஆஸ்பத்திரிக்கு," என்றாள்.

கைலாசம் ஏறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று.

"ராகு காலம் பொறந்துடுச்சே. ஒன்றர மணி நேரம் பொறுத்து..."

"யோவ்," என்றாள் காந்தா. "கல்லு என் வயித்துல இருக்குது, காலண்டர்ல இல்ல. மூளைய யூஸ் பண்றதுக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான். ஏறுனா ஏறு. மேரி, வண்டிய எடு."