சங்கு தனியாகப் பாடிய கதை

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் ஹாரனுக்குச் சரிக்குச் சரி பதில் சொல்லக்கூடிய தொண்டை இந்தப் பூமியில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. என் கெட்ட நேரம், கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் அவன் எனக்கு எதிர் மேஜை.

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. ஊருக்கு அவன் ‘சங்கு’. பஞ்சாலைச் சங்கு நின்றுபோன பிறகு, காலையில் அவன் குளியலறையில் பாடுவதைக் கேட்டுத்தான் தெருவில் பாதிப் பேர் வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் நம்பினேன். நான் மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தேன், எனக்கும் கேட்டது.

சங்கு, ஒரு கிட்டார்க்காரன், டிரம்ஸுக்கு நான். மூவரும் சேர்ந்து ‘உப்புக்காத்து’ என்று ஒரு ராக் பேண்டு வைத்திருந்தோம். முதலாளியிடம் நிகழ்ச்சிக்கு லீவு கேட்டபோது, “ராக்கா? அலைத்தடுப்புக்குக் கல்லு போடுத கான்ட்ராக்ட் எடுத்திருக்கீங்களாடே?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். கோயில் திருவிழா, கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு என்று வாய்த்த இடத்தில் எல்லாம் அடித்து முழக்கினோம். சங்குவுக்குச் சீருடை கறுப்புத் தோல் சட்டை. சித்திரை வெயிலிலும் அதுதான். இரண்டு பாட்டு முடிவதற்குள் வியர்வை காய்ந்து முதுகில் வெள்ளைக் கோடு விழும். ஆறுமுகநேரி உப்பளத்தில் ஒரு பாத்தியைப் பெயர்த்து முதுகில் ஒட்டியது போல இருக்கும்.

ஒருநாள் மாலை, மூவரும் டீக்கடையில் இருந்தபோது அவன் அறிவித்தான்.

“மக்கா, நான் தனியாப் போறேன்.”

“எங்கலே, பஸ் ஸ்டாண்டுக்கா? இரு, நானும் வாரேன்.”

“அது இல்லலே. தனி ஆல்பம். உலகத்துல பெரிய பாடகன் எல்லாம் ஒரு கட்டத்துல பேண்ட விட்டுட்டுத் தனியாத்தான் வந்திருக்கான். நீங்க கூட இருக்கையில என் குரல் அமுங்குது.”

எனக்கு டீ புரையேறியது. போன மாதம்தான் ஒரு வரவேற்பில் இவன் பாடிக்கொண்டிருந்தபோது, ஜெனரேட்டர் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமல் மண்டபத்து எலக்ட்ரீஷியன் அதன் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குரல் அமுங்குகிறதாம், என் இரண்டு குச்சிகளால்!

“அப்ப டிரம்ஸ்?”

“டிரம்ஸே கிடையாது. குரல் மட்டும். அடியில ஒரு கிட்டாரு.”

கிட்டாரு என்றதும் கிட்டார்க்காரன் என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸைக் கழுவ எழுந்து போனான். டீக்கடையில் நாம் கிளாஸ் கழுவும் வழக்கமே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து நான் சங்குவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். எதிர் எதிர் மேஜையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் ஈமெயில் அனுப்பி வேலையை ஓட்டினோம். ‘அன்புடையீர்’ என்று ஆரம்பிப்பேன். அவன் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடிப்பான்.

மாப்பிள்ளையூரணியில் ஒரு மாடி அறையில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஆல்பம் பதிவானது. பெயர் ‘ஒத்தக் குரல்’. எட்டுப் பாட்டு. சி.டி. ஓட்டும் கருவியை ஊரே காயலான் கடைக்குப் போட்டு முடித்திருந்த காலத்தில் இவன் ஐந்நூறு சி.டி. அடித்தான். “ஆல்பம்னா கையில புடிக்கணும். போன்ல வாரது எல்லாம் ஆல்பமா?” என்று அலுவலகத்தில் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னான். சி.டி.யின் முகப்பில் அவன் முகம். வாயை ஆவென்று திறந்து கத்துகிற படம். நடுவில் இருக்கும் ஓட்டை மிகச் சரியாக வாயில் வந்து விழுந்திருந்தது. தற்செயல்தான் என்றான் அச்சடித்தவன். நான் அவனைச் சந்தேகப்படுகிறேன். அவனும் பாட்டைக் கேட்டிருப்பான்.

வெளியீட்டு விழாவுக்குத் தலைமை ஓர் உப்பு முதலாளி. பக்திப் பாடல் தொகுப்பு என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “இந்தப் பாடல்களை நேற்று முழுவதும் கேட்டேன். கண்ணீர் விட்டேன். மாதாவே நேரில் வந்து நின்றது போல இருந்தது” என்று நாற்பது நிமிடம் பேசினார். உடனே முதல் பாட்டை ஓடவிட்டார்கள். ‘என் நெஞ்சு ஒரு கன்டெய்னர், ஏய் கஸ்டம்ஸே, திறந்து பாரு’ என்று சங்கு அலறியதில் முதலாளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஆனாலும் விடவில்லை. கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டார். மேடை ஏறிப் பழகியவர்.

நான் அழைப்பில்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தேன். மனசு குளிர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது விற்பனை. முகநூலில் அறிவித்த ஒரு நிமிடத்துக்குள் ‘தெறி’, ‘வேற லெவல் அண்ணாச்சி’ என்று கருத்துகள் குவிந்தன. பாட்டு ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். நம் ரசிகர்கள் அவ்வளவு வேகம். அதில் ஒருவர்கூட சி.டி. வாங்கவில்லை. மக்ரூன் மிட்டாய்க் கடை அண்ணாச்சி, பழக்கத்துக்காக ஒரு கட்டு வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டே வாரத்தில் திருப்பித் தந்துவிட்டார்.

“கோவிச்சுக்காத தம்பி. மக்ரூனோட இதையும் ஓசியாக் குடுத்துப் பாத்தேன். மக்ரூன் பழசு போலன்னு சந்தேகப்படுதாங்க.”

அதன் பிறகு சி.டி. பெட்டிகள் எங்கள் அலுவலகத்தில் அவன் மேஜைக்கு அடியில் வந்து சேர்ந்தன. சங்கு கால் நீட்ட இடமில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, ஈமெயில் இல்லாமல், நேராக என் மேஜைக்கு வந்து நின்றான்.

“ஏலே. பெரியதாழையில இருந்து நூத்தம்பது சி.டி.க்கு ஆர்டர் வந்துச்சு.”

“யாரு?”

“ஒரு வியாபாரி. ‘நல்லாப் பளபளன்னு இருக்குமா, ரெண்டு பக்கமும் மின்னுமா’ன்னு எல்லாம் விவரமாக் கேட்டாரு. குடுத்தாச்சு, ஒரு வாரம் ஆச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ரசிகர்களப் பாக்கப் போறேன். நீ வாரியா?”

பாட்டைப் பற்றிக் கேட்காமல் பளபளப்பைப் பற்றிக் கேட்கிறவன் எப்படிப்பட்ட ரசிகன் என்று எனக்கு உறுத்தியது. ஆனால் அதைவிடப் பொறாமை அதிகம் உறுத்தியது. “வாரேன்” என்றேன்.

அவன் தோல் சட்டையோடு பைக்கை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். பெரியதாழைக் கடற்கரையில் இறங்கினோம். மணலில் நீளமாகக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கம்பு நட்டு, கயிறு கட்டி, கயிற்றில் நூற்றைம்பது சங்கு! காற்றில் சுழன்று வெயிலில் பளீர் பளீர் என்று மின்னிக்கொண்டு, ஒவ்வொரு சங்குவின் திறந்த வாய்க்குள்ளும் ஒரு நைலான் கயிறு.

சிரிப்பதற்கென்றே நான்கு மாதம் காத்திருந்தவன் நான். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். சங்கு மெதுவாகப் போய்க் கேட்டான்.

“அம்மா, இது எப்படி இருக்கு?”

“எது எய்யா? இந்தத் தட்டா? ரொம்ப நல்லாருக்கு. ஒரு காக்கா கிட்ட வரல பாத்துக்கோ. முன்ன ஏதோ சினிமாத் தட்டு கட்டியிருந்தோம். அதுக்கு இம்புட்டுப் பயப்படல.”

“இதுல பாட்டு இருக்கும்மா.”

“பாட்டு வேற இருக்கா!” அந்த அம்மா ஒன்றைப் பிடித்து நிறுத்தி, படத்தையும் இவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “எய்யா, இது நீயா? ஏளா, இங்கன ஓடியா, தட்டுல உள்ள ஆளு நேர்ல வந்திருக்கான்!”

ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். “அப்ப ஒரு பாட்டுப் பாடு எய்யா” என்றார் அந்த அம்மா.

வேறு யாராக இருந்தாலும் பைக்கைத் திருப்பியிருப்பான். சங்கு தொண்டையைச் செருமினான். கருவாட்டுக்கு நடுவே காலை அகட்டி நின்று, கன்டெய்னர் பாட்டை முழுசாகப் பாடினான். கோயில் கோபுரத்தில் இருந்த காக்காய்கள்கூடக் கிளம்பிக் கடல் பக்கம் போயின. பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும், “இந்த ஆளையே இங்கன வேலைக்கு வச்சா கயிறே வேண்டாமே” என்றாள்.

திரும்பும்போது திருச்செந்தூர் வரை அவன் வாயே திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. ஊர் தாண்டியதும் சொன்னான்:

“காக்கா உண்மையானதுலே. நம்ம ஊர்க்காரன் மாதிரி லைக் போட்டுட்டு ஓடல. வேண்டாம்னா வேண்டாம்னு போயிருது.”

மறுநாள் அவன் கஸ்டம்ஸுக்குப் போயிருந்த நேரத்தில், மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தேன். அதுவரை அந்தக் கன்டெய்னர் பாட்டைத் தவிர நானும் எதையும் கேட்டதில்லை. முழுசாகக் கேட்காமலே ஊரெல்லாம் பழித்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்து மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன்.

நான் நினைத்ததைவிட மோசமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது பாட்டில் பல்லவி முடிந்ததும் சத்தம் நின்றது. நான்கு எண்ணும் நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடி ஆரம்பித்தான். சி.டி.யில் கோளாறு என்று நினைத்தேன். ஐந்தாவது பாட்டிலும் அப்படியே. ஏழாவதிலும். அவன் வந்ததும் கேட்டேன்.

“நடுநடுவ என்னலே நிப்பாட்டி நிப்பாட்டி வச்சிருக்க? பாட்டு மறந்துபோச்சா?”

“அதுவா…” சங்கு நாற்காலியில் சம்மணம் போட்டான். “அங்கன நீ டிரம்ஸ உருட்டுவல்ல, அந்த இடம். பழக்கத்துல நின்னுட்டேன். ரெக்கார்டிங் பண்ணவன் வெட்டிரலாம்னான். நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன்.”

நான் ஏதோ ஃபைலைத் தேடுவது போல அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

இப்போது இரண்டாவது ஆல்பம் தயாராகிறது. இதற்கு ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். காக்காய்கள் என்ன சொல்லும் என்றும் தெரியும். சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்கு ரிகர்சல். அந்தத் தொண்டையை ஒருமுறை கேட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை பக்கத்தில் போகமாட்டார்கள். நான் நாலரைக்கே குச்சிகளோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன்.