கண்டிப் பனியும் ஒரு திருகாணியும்

இரண்டாயிரத்து ஏழு ஆனியில் நான் ஒரு சபதம் எடுத்தேன். எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்துபோன என் கம்பியூட்டரைத் திரும்பச் செய்யாமல் சாகமாட்டேன்.

மைத்துனர் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. அப்பியாசக் கொப்பி அளவு. ரீவியில் கொழுவினால் படம் காட்டும். கசெற் ரெக்கோடரில் கொழுவினால்தான் புத்தி வரும். வீட்டோடு அதுவும் எரிந்தது. தப்பியது ஒரேயொரு கசெற். ஓடுகிற அவசரத்தில் என் மனைவி பத்மாதேவி தேவாரக் கசெற் என்று நினைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். அதில் இருந்தது நான் எழுதிய புரோகிராம். ஒரு தாமரை இதழ் இதழாக விரியும். கீழே அவள் பெயர் வரும்.

சிப்புகளை, கண்டியில் எங்கள் வீட்டிலிருந்து பாலம் கடந்து கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் ஹாஷிமின் ரேடியோக் கடைச் சாக்குகளுக்குள் பொறுக்கினேன். பெட்டிக்குத் தேயிலைப்பெட்டிப் பலகை. ஹாஷிம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாஸ்டர், இது ஓடிச்செண்டா நான் கடையைப் பூட்டிட்டு ஒங்களுக்கு டீ ஊத்துறன்."

"ஓடின அடுத்த நாளே பையில போட்டுக் கொண்டுவந்து உன்ர மேசையில வைப்பன்."

இதை வீட்டிலும் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை.

"பையிலயோ? பாலத்துக்கு மேலாலயோ?" என்றாள் பத்மா.

"வேற வழி இருக்கே?"

"பாலத்தில ஆமிக்காரன் பையைத் திறப்பான். உள்ளுக்கு வயரும் சிப்பும். தமிழ்க் கிழவன்ர கை. தாமரை விரியுமட்டும் அவன் பொறுப்பானோ?"

"நீர் சரியான பயந்தாங்கொள்ளி."

"ஓமப்பா. போன மாசம் பாலத்தில பிடிச்ச அடுத்த வீட்டுச் சிவமணியின்ர மகன் இன்னும் வீடு வரேல்லை."

ஆனால் சபதம் சபதம்தான். அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, முதல்ல அது ஓடட்டும்" என்றாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

சிக்கல் இனித்தான். கசெற் பதிந்தது பழைய ரெக்கோடரில். இப்போது இருப்பது வேறொன்று. நாடாவைத் தொட்டு வாசிக்கும் அதன் தலை ஒரு மயிரளவு சரிந்திருந்தாலும் கம்பியூட்டருக்கு ஒன்றும் விளங்காது. தலையை நேராக்க அதன் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி. காதை வைத்துத் திருப்பவேண்டும். மழுங்கிய இரைச்சல் எந்த இடத்தில் கீச்சென்று தெளிகிறதோ, அதுதான் சரியான இடம்.

பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குவேன். விளக்கு வைக்கிற நேரம் கீச்சுக்குக் கிட்டக் கிட்ட வந்துவிடுவேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு ஒரு நித்திரை கொண்டு எழும்பினால், திரும்பவும் மழுங்கல்.

மூன்று மாதம். இரவுபகலாக யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். கண்டிப் பனி. குளிரில் திருகாணி சுருங்குகிறது. ஐந்து பக்கக் கட்டுரை எழுதிப் பத்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். "அப்பிடியும் நடக்குமோ" என்று கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். விஞ்ஞானத்தில் அவளுக்கு இவ்வளவு பக்தியா என்று மனம் குளிர்ந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையை வளைத்து வீடுவீடாகச் சோதித்தார்கள். ஒன்பது மணிக்கு எங்கள் முறை. ஓர் அதிகாரி, மூன்று ஆமிக்காரர். மேசையைக் கண்டதும் அதிகாரி நின்றார்.

"மொகத மே?" என்ன இது என்கிறார்.

கம்பியூட்டர் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் தேயிலைப் பலகையைப் பார்த்தார். வயர்களைப் பார்த்தார். ஆமிக்காரர் மூவரும் சத்தமில்லாமல் வாசல்வரைக்கும் பின்னுக்குப் போனார்கள்.

"என்ர மகனிட்டக் கம்பியூட்டர் இருக்கு. இப்பிடி இல்லை. ஓடவிட்டுக் காட்டும். இல்லாட்டி இதையும் உம்மையும் சேர்த்து ஜீப்பில ஏத்துவன்" என்றார் அதிகாரி.

கசெற்றைப் போட்டேன். மழுங்கல். திருகாணியைத் திருப்பினேன். திருப்புளி வழுக்கியது. இன்னொருமுறை. மழுங்கல்தான். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற ஒருவன் வந்து என் தோளில் கை வைத்தான்.

"இண்டைக்குப் பனி கொஞ்சம் கூட, மாத்தையா" என்றேன்.

தோளில் இருந்த கை இறுகியது.

குசினிக்குள்ளிருந்து பத்மா வந்தாள். "தள்ளுங்கோப்பா" என்றாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவித் திருகாணியில் வைத்து மெல்லத் திருப்பினாள். கீச். கம்பியூட்டர் வயரை எடுத்து ரெக்கோடரில் கொழுவினாள். கசெற்றை முதலில் இருந்து விட்டாள். ரீவியில் கோடுகள் ஓடின. ஆறு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். ஓர் இதழ். இரண்டு. தாமரை முழுதாக விரிந்தது. கீழே இங்கிலிஷ் எழுத்தில் பத்மா.

"யார் பத்மா?"

"நான்தான் மாத்தையா."

அதிகாரி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். என் தோள் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அவர்கள் போனபிறகு கதிரையில் விழுந்தேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"மூண்டு மாசமா மத்தியானம் மத்தியானம் சரியாக்கி, தாமரையைப் பாத்திட்டு, பிறகு பிழையாக்கி வைக்கிறனான். எனக்குத் தெரியாதோ?"

"எனக்குக் கேக்கேல்லையே!"

"உங்கட குறட்டைக்குள்ள அந்தக் கீச் ஆருக்குக் கேக்கும்? ஓடாதமட்டும்தானே நீங்கள் பாலத்தைக் கடக்க மாட்டியள்."

ஆனாலும் சபதம் நிறைவேறிவிட்டதே. ஹாஷிமின் தேத்தண்ணி மணத்தது. மறுநாள் விடிய, பையை எடுத்துவைத்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கப் போனேன். திருகாணி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

"பத்மா, திருகாணி எங்க?"

தேங்காய் துருவுகிற சத்தம் நிற்கவேயில்லை.

"கண்டிப் பனியெல்லே அப்பா. சுருங்கிச் சுருங்கி முடிஞ்சுபோச்சாக்கும்."