சாவி உங்கள் பையில், சர்க்கரை என் அலமாரியில்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று வேளையும் மென்று சாப்பிடுகிறவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்? இங்கே நாங்களும் சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன், மற்றபடி என் இடது கால் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது, சமையலறை அலமாரிக்குக் கதவு இல்லை, கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கோபமாக எழுதக் கூடாது என்று உங்கள் அத்தை சொல்கிறாள். நான் எங்கே கோபமாக எழுதுகிறேன்? இந்தப் பேனாவே அழுத்தமாக எழுதுகிற பேனா. நடுவில் காகிதம் கிழிந்திருந்தால் அது காகிதத்தின் கோளாறு.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நன்றாக மூன்று தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா, நான் போன மாசம் மூணு நாள் வெறும் ஜூஸ்லயே இருந்தேன், உடம்பு காத்தாட்டம் ஆயிடுச்சு"ன்னு சொன்னீங்க. நீச்சல் சொல்லிக் கொடுப்பது உங்கள் தொழில், நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கிறவருக்குக் கெட்டியான பொருளின் அருமை எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் பேசாமல்தான் இருந்தேன். நீங்கள் விட்டீர்களா? என் வயிற்றைப் பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று சொல்லாதீர்கள், பார்த்தீர்கள். அப்புறம், "வேணும்னா நீங்களும் பண்ணிப் பாக்கலாம் மாமா, ஆனா முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஏதாவது மாத்திரை போடறீங்களா?" என்று என் மகளுக்கு முன்னால், அவள் மாமியாருக்கு முன்னால், நடுக்கூடத்தில் வைத்துக் கேட்டீர்கள். ஒரு மனுஷனை அப்படியா கேட்பது? "நானா? மாத்திரையா?" என்று சிரித்தேன். சமையலறையில் உங்கள் அத்தை கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டாள். அவளுக்கு எப்போதும் எதையாவது கீழே போட வேண்டும்.

சரி, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், மகளிடம் மூச்சு விடக் கூடாது. காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன். சர்க்கரைக்கு. அதை மாத்திரை என்று சொல்வதே அதிகம், அவ்வளவு சின்னது. வயதானவர்கள் போடுகிற மாதிரிக் கை நிறைய எல்லாம் இல்லை. இதைப் போய்ச் சம்பந்தியம்மா முன்னால் நீட்டி முழக்க வேண்டுமா?

நீங்கள் சொன்ன பத்தியங்கள் எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காபியை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். காய்களை நன்றாகக் கழுவ வேண்டும். அரைத்ததை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். கூடவே தண்ணீர் நிறைய. அந்த மூன்று நாளும் பாரம் தூக்கக் கூடாது. தலை சுற்றினால் வீம்பு பிடிக்காமல் நிறுத்திவிட்டு எதையாவது சாப்பிட்டுவிட வேண்டும். காயோடு கொஞ்சம் பழமும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவு ஜாக்கிரதை சொல்கிறவர், "மாமா, நீங்க வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம் இல்லையா? அதை விட்டுவிட்டு, "மூணு நாள் வாயைக் கட்டறது கஷ்டம் மாமா, நடுவுல அலமாரியைத் திறந்துடுவீங்க" என்று சிரித்தீர்கள். அலமாரியைத் திறப்பேனா? நானா? ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவனைப் பார்த்து!

அதனால்தான் என் கடையிலேயே சிறந்த பூட்டை எடுத்து உங்கள் கண் முன்னாலேயே அந்த அலமாரியில் பொருத்தினேன். வீட்டில் இருந்த சர்க்கரை, தேன், பிஸ்கட், ரொட்டி, அரிசி எல்லாம் உள்ளே. அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவி. அதை உங்கள் கையில் வைத்து, "மூணு நாள் கழிச்சு நீங்களே வந்து திறங்க"ன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். யோவ், கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவதா? மன்னிக்கவும் மாப்பிள்ளை, கை தவறி எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விடுகிறேன்.

நீங்கள் கேட்கலாம், சாவி வெட்டுகிறவனுக்கு இன்னொரு சாவி வெட்டத் தெரியாதா என்று. தெரியும். ஆனால் ஒருத்தர் கையில் ஒப்படைத்த சாவிக்கு அவர் வாயால் சொல்லாமல் மாற்றுச் சாவி வெட்டுவதில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் சட்டம். என் வயிற்றுக்காக அதை மீற முடியாது.

முதல் நாள். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஜூஸ் மெஷின் போடுகிற சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பழம் எல்லாம் குழந்தைகளுக்கு என்று சொல்லி வீட்டில் பழமே வாங்க நான் விடவில்லை. வெள்ளரிக்காய், கீரை, இஞ்சி, எலுமிச்சை, அவ்வளவுதான். குடித்தேன். குளத்தைக் குடித்த மாதிரி இருந்தது. காபியை அன்றைக்கே நிறுத்தினேன், எனக்கு எதையும் பாதி பாதியாகச் செய்து பழக்கம் இல்லை. பத்து மணிக்கெல்லாம் யாரோ மண்டைக்குள் உட்கார்ந்து அரம் போட்டு ராவுகிற மாதிரி வலி. ஒரு அம்மாள் பீரோ சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார். எனக்கு அந்தச் சாவியின் பல் எல்லாம் வறுத்த முந்திரியாகத் தெரிந்தது. வெட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் அந்த அம்மாள் பீரோவையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தார். இவ்வளவுக்கும் நடுவில் உங்கள் அத்தை, "அலமாரிதான் பூட்டியாச்சே, நான் என் தங்கச்சி வீட்டுல சாப்பிட்டுக்கறேன்" என்று வேளா வேளைக்குக் கிளம்பிப் போய், வெங்காயம் வதக்கின வாசனையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காருவாள். இதைவிட ஒரு கொடுமை உண்டா? சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். "எப்படி மாமா இருக்கு?" "பறக்கறேன் மாப்பிள்ளை"ன்னேன். பொய் இல்லை. தலை பறந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் வழக்கம்போல அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், அதன்மேல் ஒரு டம்ளர் கீரைத் தண்ணீர், அப்புறம் கடை. ஒரு இரும்புப் பெட்டி வந்தது, அதை நானே தூக்கி மேஜை மேல் வைத்தேன். பாரம் தூக்காதே என்று நீங்கள் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது, வந்ததும் இன்னும் கோபம் வந்து, அதை இறக்கி மறுபடியும் ஒரு தடவை தூக்கினேன். மத்தியானம் நெருங்க நெருங்கக் கை நடுங்க ஆரம்பித்தது. மின்விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன், சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. என் கையிலிருந்த சாவி எந்தப் பூட்டுக்கு உரியது என்று எனக்கே தெரியவில்லை. உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எங்கேயோ ஒரு மூலையில் புத்தி சொன்னது. கடைக்குப் பின்னால்தானே வீடு, சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். சர்க்கரை டப்பா அலமாரியில். அலமாரிப் பூட்டு என் கையால் போட்ட பூட்டு. சாவி உங்கள் பையில், சர்க்கரை என் அலமாரியில், நான் தரையில். எப்படி இருக்கிறது மாப்பிள்ளை?

கம்பியை விட்டுத் திறக்கப் பார்த்தேன். நல்ல நாளிலேயே அந்தப் பூட்டு லேசில் மசியாது, அன்றைக்கு என் விரல் என் பேச்சையே கேட்கவில்லை. ஊரில் எத்தனை பேர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டிருப்பேன், குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட வீடுகளை எல்லாம் ஓடிப் போய்த் திறந்திருக்கிறேன், கடைசியில் ஒரு கரண்டி சர்க்கரைக்கு என் வீட்டு அலமாரியைத் திறக்க வக்கில்லாமல் அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பயந்துபோனேன் மாப்பிள்ளை. அதை எழுத எனக்கு இஷ்டம் இல்லை, ஆனால் பயந்துபோனேன்.

அப்போதுதான் உங்கள் அத்தை வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்களுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீரில் இறங்கும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவீர்களாமே, நன்றாக இருக்கிறது, உங்கள் பக்கமும் பூட்டு! பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள், அந்த ஆள் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி ஓடிவந்தவளுக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற கத்தியை எடுத்தாள், பூட்டுப் பக்கமே திரும்பவில்லை, அந்தப் பக்கம் போய்க் கீலில் இருந்த ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கீலை வெளிப்பக்கம் வைத்தது அந்தத் தச்சர் செய்த முட்டாள்தனம், அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. கதவு பூட்டோடு பெயர்ந்து வந்து என் கட்டைவிரல் மேல் விழுந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. முதலில் பூட்டைத்தான் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பூட்டு தோற்கவே இல்லை மாப்பிள்ளை, தோற்றது கதவு! இதை யாரிடம் சொல்லி யார் நம்புவது?

கதவு விழுந்த சத்தம் கேட்டு, அதுவரை இல்லாத ஜெராக்ஸ் கடைக்காரர் சரியாக அப்போது வந்து எட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. "நம்ம சாவிக்காரர் போட்ட பூட்டை அவங்க வீட்டம்மா வெண்ணெய் கத்தியாலயே தொறந்துட்டாங்களாம்" என்று வருகிற ஆளுக்கெல்லாம் ஒரு நகல் எடுத்துக் கொடுக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று ஒருத்தர் பூட்டு வாங்க வந்து, "இதுக்கு வெண்ணெய் தனியா வாங்கணுமா?" என்று கேட்டார். என் மானம் கப்பலேறிவிட்டது. செத்துப் பிழைத்ததைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் கத்திதான் வேண்டியிருக்கிறது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். சாவியை உடனே தபாலில் அனுப்பிவிடுங்கள். ஜூஸ் மெஷினை யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். நீங்கள் வர வேண்டாம், நீங்கள் வந்தால் எனக்குக் கோபம் வரும், மாப்பிள்ளை மேல் கோபப்பட்டான் என்ற பேர் எனக்கு வேண்டாம். டாக்டர் என்ற பேச்சை யாரும் என்னிடம் எடுக்க வேண்டாம். உங்கள் அத்தை அன்றையிலிருந்து அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். போனால் அவர் என்ன சொல்லுவார்? இன்னொரு மாத்திரை சேர்ப்பார். என் மகளுக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியக் கூடாது. அப்பா திறக்காத பூட்டே இல்லை என்று சின்ன வயதில் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், பல்லுக்கு வேலை கொடுத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு கோபத்திலும் மனதார வாழ்த்துகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். நான் பறந்துகொண்டிருப்பதாக மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். உறையை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்தார், படிக்காம ஒட்டமாட்டேன்னு அவருக்குத் தெரியும். தச்சர் மேல தப்பு இல்லை. அந்தக் கீல் உள்பக்கம்தான் இருந்தது. ஞாயித்துக்கிழமை நீங்க கிளம்பினதும் இவரே உக்காந்து கதவைக் கழட்டி, கீலை வெளிப்பக்கமா மாத்தி மாட்டினார். பசி தாங்கலேன்னா பூட்டைத் தொடாம திறந்துக்கலாம்னுதான். அன்னைக்கு நாக்கு குழறிட்டு இருந்தப்பவும், "பூட்டை விடு, கீலைப் பாரு"ன்னு இவர்தான் எனக்குச் சொன்னார். ஸ்க்ரூடிரைவரை இவர் கையால பிடிக்க முடியாம அது அலமாரிக்கு அடியில உருண்டு போயிருந்தது, அதான் கத்தி.

"வழி வச்சிருந்தும் ஏன் மொத நாளே திறந்து தின்னல?"ன்னு கேட்டேன். "மாப்பிள்ளை சாயங்காலம் போன் பண்ணிக் கேப்பார், அவர்கிட்ட எப்படிப் பொய் சொல்றது?"ன்னார். "அப்போ மாத்திரை போடறதில்லைன்னு சொன்னது?"ன்னேன். "அது பொய் இல்லை, கௌரவம்"னார்.

நான் கூப்பிட்டா டாக்டர்கிட்ட வரமாட்டார். நீங்க வாசல்ல வந்து நின்னா சட்டையை மாட்டிக்கிட்டுப் பேசாம கூட வந்துடுவார். சாவியைத் தபால்ல போடாதீங்க, சனிக்கிழமை நீங்களே கொண்டு வாங்க, பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. அவளுக்குச் சர்க்கரை விஷயம் ரொம்ப நாளாவே தெரியும், அப்பா மனசு கஷ்டப்படும்னுதான் தெரியாத மாதிரி இருக்கா. ஜூஸ் மெஷினைத் தேடாதீங்க, அது கடையில முன்னாடி இருக்கு, மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததுன்னு வர்றவங்களுக்கெல்லாம் காட்டிட்டு இருக்கார்.

இதை எழுதறப்போ உள்ள சுத்தியல் சத்தம் கேக்குது. அலமாரிக் கதவைத் திரும்ப மாட்டறார். இப்பதான் எட்டிப் பாத்துட்டு வந்தேன். கீல் வெளிப்பக்கம்தான் இருக்கு.