கழுத்துக்குள் காய்ப்புழு

போடிநாயக்கனூரிலிருந்து மலை ஏறுகிற ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு சாமியார். வெளியே சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று சுற்றுப்பட்டிச் சனம் அத்தனையும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சாமியார் நெறிகட்டுக்கு வைத்தியம் பார்க்கிறார். கழுத்தோ, அக்குளோ, தொடையிடுக்கோ, எங்கே கட்டி இருந்தாலும் சரி. ஸ்கேன் வேண்டாம், ரத்தம் வேண்டாம், ஒரு பச்சை ஏலக்காய் போதும்!

சந்தனம் பூசிய காயைத் தாம்பாளத்திலிருந்து எடுப்பார். கட்டியின் மேல் வைத்து அழுத்துவார். ஏதோ முணுமுணுப்பார். காயைப் பிளந்தால் உள்ளே ஒரு புழு நெளியும். "பாத்தியா, ஒன் கழுத்தத் தின்ன புழு!" என்பார். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மூன்றாம் தடவை வரும்போது காயில் புழு இருக்காது. நோய் போச்சு! கட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குக் காரணம் நோயாளியின் பக்திக் குறைவு.

இதில் பெரிய வேடிக்கை, கும்பிட்டு நின்றவர்களில் பாதிப்பேர் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுப்பவர்கள். புழு துளைத்த காயைப் பொறுக்கி எறிவது அவர்களுக்கு அன்றாட வேலை. அதே புழுவைச் சாமியார் காட்டினால் மட்டும் அருள்!

சிலமலை சூர்யகலாவுக்கு இரண்டு மாதமாகக் கழுத்தில் கட்டி. வலியில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "பல்லுச் சொத்தைக்கும் நெறி கட்டும், காசநோய்க்கும் கட்டும், புத்துநோய்க்கும் கட்டும். ஊசியில கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். திங்கக்கிழமை காலையில வாங்க" என்றார். அவள் கணவன் திருப்பதி ஒத்துக்கொள்ளவில்லை.

"கட்டியில ஊசி குத்துனா ஒடம்பெல்லாம் பரவிரும்க்கா. திங்கக்கிழமை சாமிட்டதான் போறோம்" என்றான் தன் அக்கா சந்திரவல்லியிடம்.

சந்திரவல்லி இருபது வருடமாக ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். "சரி, நானும் வர்றேன்" என்றாள். மடியில் நாலு நல்ல காயை முடிந்துகொண்டாள்.

கொட்டகையில் வழக்கம்போல் காய் பிளந்தது, புழு நெளிந்தது. சூர்யகலா அழுதேவிட்டாள்.

"சாமி, இது எங்க தோட்டத்துக் காயி. இதையும் ஒருக்கா வச்சுப் பாருங்க" என்று சந்திரவல்லி மடியை அவிழ்த்தாள்.

"மந்திரிக்காத காயில நோய் எறங்காது தாயி."

"அப்ப மந்திரிச்சதே எடுத்துக்கிறேன்." தாம்பாளத்திலிருந்து ஒரு காயை எடுத்தாள். நேரே வெளியே போய், தாங்கள் வந்த ஜீப்பின் டயரில் வைத்து அழுத்தினாள். எல்லோர் முன்னாலும் பிளந்தாள். புழு!

"சாமி, டயருக்கும் நெறி கட்டியிருக்கு. எத்தனை தடவை கூட்டியாரணும்?"

"போன வாரந்தான் மாத்துனேன் சாமி, புது டயரு!" என்று டிரைவர் ஈஸ்வரன் பதறினான்.

"வண்டிக்கு யாரோ செய்வினை வச்சிருக்காக!" என்றார் சாமியார். அதற்கும் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

சந்திரவல்லி தாம்பாளத்தின் முன் உட்கார்ந்து, கட்டை விரலால் சந்தனத்தைத் துடைத்தாள். "இதுல ஓட்டை. இதுலயும் ஓட்டை. இந்தா, மூணாந் தடவை வர்றவுகளுக்கு நல்ல காயி தனியா இருக்கு."

அவளோடு தோட்டத்தில் காய் எடுக்கிற ராக்கு கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி, நாம பொறுக்கி எறிஞ்ச காயில்ல இது!"

அவ்வளவுதான். பூசைக்குத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போன சாமியார், செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிட்டார்.

சூர்யகலா கண்ணைத் துடைத்தாள். "மதினி, வெரசா போனா டாக்டரம்மாவப் பாத்திரலாம்." திருப்பதி முதல் ஆளாக ஜீப்பில் ஏறினான்.

காசநோய்தான். ஆறு மாதம் மாத்திரை. காய்ச்சல் நின்றது, கட்டி வற்றியது, ரவிக்கை மறுபடி பொருந்தியது. உயிர் தப்பியது என்று சொன்னாலும் தப்பில்லை.

சாமியார் இப்போது ஏலம் விளையாத வேறு ஊரில் இருக்கிறாராம். அங்கே கத்தரிக்காய் வைத்துப் பார்க்கிறாராம். கூட்டம் அலைமோதுகிறதாம். கழுத்தைத் தடவிக் கட்டி தேடுகிற புண்ணியவான்களே, அப்படியே கையைக் கொஞ்சம் மேலே கொண்டுபோங்கள். அங்கே தலை என்று ஒன்று இருக்கும்!